1988 கோப்பை யாருடையது? விம்பிள்டன் கிளப் பற்றி ஒரு இழை

வாண்டில் செல்வம், கோவை
சனி, இரவு 9.10

போன வாரம் பிரீமியர் லீக் இழையில் ஒரு நண்பர் போகிற போக்கில், "விம்பிள்டன்தானே, அது எம்.கே. டான்ஸ் ஆகிவிட்டதே" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது லண்டனின் பழைய விம்பிள்டன் ஃபுட்பால் கிளப்பை. 'டான்ஸ்' (Dons) அதன் செல்லப்பெயர், மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு மாறிய பிறகு வைத்துக்கொண்ட பெயர்தான் எம்.கே. டான்ஸ். அவர் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

நான் 2006-இலிருந்து ஆறு வருடம் தென்மேற்கு லண்டனில் வேலை பார்த்தேன். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வாடகை அறை. கூட வேலை செய்த ஒருவர் ஒரு சனிக்கிழமை கிங்ஸ்மெடோ என்ற சின்ன மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அந்த ஊர் மாற்றத்தை ஏற்காத ரசிகர்கள் 2002-இல் தொடங்கிய ஏஎஃப்சி விம்பிள்டன் அங்கே ஆடியது. ஏழாவது அடுக்கு லீக். அந்த மட்டத்தில் சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம் என்பார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கிழிந்த நீல மஞ்சள் துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அவரிடம் எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். ஐம்பது வருடம் என்றார். கிளப் பிறந்து அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஏன் பொய்யில்லை என்பதுதான் இந்த இழையே.

முதலில் இருந்து வருகிறேன். 1889-இல் சென்ட்ரல் ஸ்கூல் என்ற பள்ளியில் படித்து முடித்த பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. அப்போது பெயர் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ். விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் ஆட்டம், உடை மாற்றிக்கொள்ள ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் என்ற பப். 1912-இல் பிளவ் லேன் என்ற தெருவில் சொந்த மைதானம் அமைந்தது. அதன்பின் 79 ஆண்டு அங்கேதான்.

பெரிய லீக் பக்கமே போகாத அமெச்சூர் கிளப் அது. 1963-இல் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்ஏவின் அமெச்சூர் கோப்பை இறுதியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று ஜெயித்தார்கள். நான்கு கோலும் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆள் போட்டது, நான்கும் தலையால். அடுத்த ஆண்டு தொழில்முறைக்கு மாறினார்கள். 1975-இல் எஃப்ஏ கோப்பையில் முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று சாய்த்தார்கள். அடுத்த சுற்றில் லீட்ஸ். அந்த லீட்ஸ் அப்போது இங்கிலாந்தின் நடப்பு சாம்பியன். பீட்டர் லாரிமர் அடித்த பெனால்டியை டிக்கி கை என்ற கோல்கீப்பர் பிடித்தார், ஆட்டம் 0-0. மறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில்தான் தோற்றார்கள். அதே டிக்கி கைதான் பிற்காலத்தில் ஏஎஃப்சி விம்பிள்டனின் கௌரவத் தலைவர் ஆனார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்தக் காலத்தில் கீழே ஜெயித்தால், மேல் நான்கு டிவிஷன் சேர்ந்த ஃபுட்பால் லீக்கில் தானாக ஏற முடியாது. உள்ளே இருக்கிற கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும். 1977-இல் வொர்கிங்டன் வெளியேற, விம்பிள்டன் உள்ளே வந்தது. நான்காவது டிவிஷன். ஒன்பதே வருடத்தில், 1986-இல், முதல் டிவிஷன். ஒன்பது வருடம் என்பதை நிதானமாக நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து எஃப்ஏ கோப்பை.

பிறகு சரிவு. 1989-இல் மைதான நெரிசலில் பலர் இறந்த ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. பிளவ் லேனை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லி 1991-இல் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் போய் ஒண்டினார்கள். தற்காலிகம் என்றார்கள். பழைய மைதானம் ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் கிளப்பை டப்ளினுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தார். அப்புறம் நார்வேக்காரர்கள் வாங்கினார்கள். 2000 மே 14, கோப்பை ஜெயித்து சரியாகப் பன்னிரண்டு வருடம் நிறைந்த அன்றைக்கு, பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள்.

2001-இல் கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மில்டன் கீன்ஸுக்கு மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. ஃபுட்பால் லீக் முதலில் முடியாது என்றது. வழக்கு, மத்தியஸ்தம் என்று போய், கடைசியில் எஃப்ஏ அமைத்த மூன்று பேர் குழு 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. ரசிகர்கள் சாம்பலிலிருந்து புதிதாக ஒரு கிளப்பை எழுப்பி அடிமட்டத்திலிருந்து தொடங்குவது ஃபுட்பாலின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். விம்பிள்டன்காரர்கள் அந்த வரியை இன்றுவரை மறக்கவில்லை.

அவர்கள் செய்தது அதைத்தான். அடுத்த மாதமே, ஜூன் 29 அன்று, 1889-இல் ஆடிய அதே விம்பிள்டன் காமனில் ஆள் தேர்வு வைத்தார்கள். வருகிறவர் வரலாம் என்று அறிவித்ததில் 230 பேர் பூட்ஸோடு வந்து நின்றார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் முதல் நட்பு ஆட்டம். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். அந்த இரவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தோற்றதைச் சொல்வதில்லை. நம் டீம் ஓடி வந்தது, நாங்கள் அழுதோம் என்கிறார்கள்.

கேள்வி இதுதான். 1988 கோப்பை யாருடையது?


மெர்சி அருண், சென்னை
சனி, இரவு 10.25

செல்வம் அண்ணா, லிவர்பூல் ரசிகனாக முதலில் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். அந்த 1988 இறுதியில் தோற்றது எங்கள் லிவர்பூல்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஆட்டம் அது. ஆனாலும் எங்கள் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டி வீணான காட்சி வந்தால் இன்றும் வீடியோவை நிறுத்திவிடுவேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, 'கிரேஸி கேங்' என்று பெயர் வாங்கிய அந்த விம்பிள்டன் அணியின் ஆட்டத்தை இவ்வளவு கொண்டாட வேண்டுமா? பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு ஆளை இடிக்கிற ஆட்டம்தானே? இரண்டு, நீங்களே சொல்கிறீர்கள், ஏஎஃப்சி விம்பிள்டன் ஆடியது கிங்ஸ்மெடோவில் என்று. அது கிங்ஸ்டனில் இருக்கிறது, விம்பிள்டனில் இல்லை. ஊரை விட்டுப் போனதுதான் குற்றம் என்றால் இவர்களும் ஊரில் இல்லையே?


வாண்டில் செல்வம், கோவை
சனி, இரவு 11.40

தம்பி, இரண்டாவது கேள்வி கூர்மையானது. அதை நாளை எழுதுகிறேன். முதல் கேள்விக்கு இப்போதே.

1988 மே 14. லிவர்பூல் அந்த சீசனின் லீக் சாம்பியன். பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்ட்ரிஜ் எல்லாம் உச்சத்தில். எதிரே பதினோரு வருடத்துக்கு முன்னால் லீக்கிலேயே இல்லாத கிளப். ஆனால் வெறும் முரட்டுத்தனத்தில் வந்த வெற்றி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேனேஜர் பாபி கோல்ட், கூடவே பயிற்சியாளர் டான் ஹவ். ஜான் பார்ன்ஸை ஒருவர் தடுக்க முடியாது என்று தெரிந்து, டெனிஸ் வைஸை அவர் பக்கம் நிறுத்தி இரண்டு பேராகப் பூட்டினார்கள். 37-ஆவது நிமிடம் வைஸ் தூக்கிப் போட்ட ஃப்ரீ கிக்கை லாரி சான்செஸ் தலையால் திருப்பிவிட்டார். அதற்குச் சற்று முன் பியர்ட்ஸ்லி போட்ட கோல் செல்லாமல் போனது. ரெஃப்ரி அதற்குள் லிவர்பூலுக்கு ஃப்ரீ கிக் ஊதிவிட்டார். அந்த இடத்தில் உங்கள் ஆட்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பெனால்டி மட்டும் அதிர்ஷ்டம் இல்லை. ஆல்ட்ரிஜ் எந்தப் பக்கம் அடிப்பார் என்று டேவ் பீசன்ட் முன்பே கவனித்து வைத்திருந்தார். இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளி அரங்கில் எஃப்ஏ கோப்பை இறுதியில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அங்கே கோப்பையை வாங்கிய முதல் கோல்கீப்பர் கேப்டனும் அவர்தான், கொடுத்தவர் இளவரசி டயானா.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். அந்த டிரெஸ்ஸிங் ரூமில் நடந்ததாகப் பழைய ஆட்டக்காரர்களே சொல்கிற பல சம்பவங்கள், புதிதாக வந்த பையன்களைப் பாடாய்ப் படுத்தியது எல்லாம், இன்று கேட்டால் சிரிப்பு வரவில்லை. அதையும் சேர்த்துக் கொண்டாட என்னால் முடியாது. நான் நேசிப்பது அந்த ஆட்டத்துக்கு அடியில் இருந்த ஒன்றை. காசில்லாத ஒரு ஊர்க் கிளப், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, யாருக்கும் தலைகுனியாமல் நின்றது.

இன்னொரு கசப்பும் உண்டு. கோப்பை ஜெயித்தவர்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். 1985-இல் ரசிகர் மோதலில் பலர் இறந்த ஹெய்செல் அரங்க துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு இருந்த தடையால் இவர்களால் போக முடியவில்லை. கோப்பை ஜெயித்தவர்களுக்கான அந்த வாய்ப்பு பிறகு வரவே இல்லை.


ராமநாதன் ஐயம்பேட்டை
ஞாயிறு, காலை 7.05

இழையைப் படித்தேன். நான் முப்பது வருடம் கணக்குத் துறையில் இருந்தவன், அந்தக் கண்ணோட்டத்தில் ஒரு வார்த்தை. உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிளப் என்பது ஒரு கம்பெனி. லீக் உறுப்பினர் இடம் அந்தக் கம்பெனிக்கு இருக்கிற சொத்து. பங்கை வாங்கியவர் இடத்தை மாற்றினார். சட்டப்படி தொடர்ச்சி மில்டன் கீன்ஸுக்குப் போன கம்பெனிக்குத்தான். இதை மறுக்க முடியுமா?

ரசிகர்கள் சேர்ந்து நடத்துவது நல்ல எண்ணம். ஆனால் எத்தனை நாள் ஓடும்? கையிலிருந்து போடுகிற ஒரு முதலாளி இல்லாமல் இங்கிலாந்து ஃபுட்பாலில் கணக்கு எப்படி நேராகும்?


தேவகி டூட்டிங்
ஞாயிறு, மதியம் 2.30

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், 1999-இலிருந்து டூட்டிங்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து பிளவ் லேனுக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் தமிழர்கள் நிறைய. விம்பிள்டன் எஃப்ரா ரோட்டில் இருக்கிற கணபதி கோயிலுக்குப் போகிற பலருக்கு, பக்கத்தில் இப்படி ஒரு கிளப் இருப்பதே முன்பு தெரியாது. எங்கள் ஆட்களுக்கு விம்பிள்டன் என்றால் டென்னிஸ்தான்.

எனக்குத் தெரிய வந்தது 2020-இல். அந்த வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்த நேரம், இந்தக் கிளப்பின் ரசிகர்கள் டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில் மேசை போட்டு நின்று, வருகிறவர்களிடம் ஒரு பொருள் கூட வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்த்தார்கள். அதைத் தேவைப்பட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வயதானவர் தனியாக இருந்தார். வாரா வாரம் அவர் வாசலில் பெட்டி வந்து இருக்கும். கொண்டுவருகிற பிள்ளை யார் என்று ஒருநாள் கேட்டேன். "நாங்கள் விம்பிள்டன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஊரடங்கு முடிந்த பிறகு என் மகன் தன்னைக் கூட்டிப் போகச் சொன்னான். போனேன். இப்போது நான் அவனைக் கூட்டிப் போகிறேன். உதைபந்தாட்டத்தில் எனக்கு இன்னும் ஆஃப்சைட் முழுதாக விளங்கவில்லை. ஆனால் கோல் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற முகம் தெரியாத மனுசி என்னைக் கட்டிப்பிடிப்பாள், நானும் கட்டிப்பிடிப்பேன்.

ராமநாதன் ஐயா, கம்பெனி சட்டம் எனக்குத் தெரியாது. ஊரை விட்டு வந்தவள் என்ற முறையில் ஒன்று தெரியும். கடவுச்சீட்டு ஒரு இடத்தில் இருக்கும், ஊர் வேறு இடத்தில் இருக்கும்.


வாண்டில் செல்வம், கோவை
ஞாயிறு, இரவு 8.15

தேவகி அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்தது அது, நேரில் பார்த்தவர் சொல்லிக் கேட்பது பெரிய விஷயம்.

ராமநாதன் ஐயா, சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. உறுப்பினர் இடம் கம்பெனியோடுதான் போனது. 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஆட ஆரம்பித்தார்கள், 2004-இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் அந்தக் கம்பெனியை வைத்து என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஊர் மாறப்போவது முடிவான பிறகும் ஒரு வருடம் பழைய கிளப் செல்ஹர்ஸ்டிலேயே ஆடியது. இரண்டாவது அடுக்கு லீக், வருகிற கூட்டம் ஆயிரம்கூட இல்லாத நாளும் இருந்தது. அதே சீசனில் ஒன்பதாவது அடுக்கில், கம்பைண்ட் கவுண்டீஸ் லீக்கில், ஏஎஃப்சி விம்பிள்டன் தன் மைதானத்தில் சராசரியாக 3,000 பேருக்கு மேல் கூட்டியது. முதல் லீக் ஆட்டம் சாண்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில். 2,449 பேர் போய் இறங்கினார்கள். புல்தரையில் கயிறு கட்டிய மாதிரி ஒரு மைதானம் அது.

அருண் தம்பி கேட்டதற்கும் இங்கேயே பதில். ஆமாம், கிங்ஸ்மெடோ விம்பிள்டன் இல்லை. அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு அது தெரியும். கிங்ஸ்டோனியன் என்ற இன்னொரு கிளப்பின் வீடு அது, அவர்களுக்கும் அதில் வலி உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் டான்ஸ் டிரஸ்ட், அதாவது ரசிகர்கள் ஆளுக்கொரு ஓட்டு என்று சேர்ந்து கிளப்பை வைத்திருக்கிற அமைப்பு, ஆரம்பம் முதலே பேசியது ஊர் திரும்புவதைப் பற்றித்தான்.

வழியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டம் தோற்கவில்லை, இங்கிலாந்தின் சீனியர் ஃபுட்பாலில் அது சாதனை. 2007-இல் ஒரு ஆட்டக்காரரின் பதிவு ஆவணம் சரியில்லை என்று 18 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் மூன்றாகக் குறைந்தது. அப்போது நான் அங்கே இருந்தேன், தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். 2008, 2009 என்று வரிசையாக ஏறி, 2011 மே 21.

மான்செஸ்டர் சிட்டியின் அரங்கில், மேலே ஏறப்போவது யார் என்று தீர்மானிக்கிற பிளே-ஆஃப் இறுதி. எதிரே லூட்டன். நான் போயிருந்தேன். 120 நிமிடம் 0-0. பெனால்டி. எங்கள் கோல்கீப்பர் செப் பிரவுன், சின்ன வயதிலிருந்து விம்பிள்டன் ரசிகர், இரண்டைத் தடுத்தார். கடைசிப் பந்தை வைத்தது கேப்டன் டேனி கெட்வெல். அவர் ஓடி வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தில்தான் தெரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் எதை ஃபுட்பாலின் நலனுக்கு உகந்ததல்ல என்றார்களோ, அது ஃபுட்பால் லீக்கில் நின்றது. பழைய கிளப் லீக்கில் சேர்ந்த பிறகு உச்சிக்குப் போக எடுத்துக்கொண்டதும் ஒன்பது வருடம்தான். பஸ்ஸில் திரும்பும்போது அதை யாரோ சொல்ல, எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.


மில்டன் பாபு
ஞாயிறு, இரவு 10.50

கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். நான் மில்டன் கீன்ஸில் பதினொரு வருடமாக இருக்கிறேன். என் மகன் எம்.கே. டான்ஸ் ரசிகன். ஸ்கூலில் அவன் நண்பர்களும் அப்படித்தான்.

2002-இல் நடந்தது தவறு என்று நானும் நினைக்கிறேன். புது ஊர் என்றால் கீழிருந்து ஒரு கிளப்பை வளர்த்திருக்க வேண்டும். ஆனால் இன்று அங்கே 30,000 இருக்கை அரங்கம் இருக்கிறது. டெலி அல்லி எங்கள் ஊர்ப் பையன், அங்கே அகாடமியில் வளர்ந்து இங்கிலாந்துக்கு ஆடினார். 2014-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்த இரவை இந்த ஊர் மறக்காது. அதெல்லாம் பொய்யா? அன்று பிறக்கவே இல்லாத குழந்தைகளைப் பார்த்து, உன் கிளப்பே திருட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பது எத்தனை நாளைக்கு?


வாண்டில் செல்வம், கோவை
திங்கள், காலை 6.30

பாபு, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் மகன்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. டெலி அல்லி உண்மை, அந்த 4-0 உண்மை. அதெல்லாம் உங்கள் ஊரின் வரலாறு, நீங்களே சம்பாதித்தது.

என் கோபம் முடிவெடுத்தவர்கள்மேல். அது குறையவில்லை, குறைய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் மறந்தால் இன்னொரு ஊருக்கு இது நடக்கும்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். 2007-இல் எம்.கே. டான்ஸ் 2004-க்கு முந்தைய விம்பிள்டன் வரலாற்றுக்கு இனி உரிமை கோருவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். எஃப்ஏ கோப்பையின் பிரதி உட்பட பழைய பரிசுகளையும் நினைவுப் பொருட்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? ஏஎஃப்சி விம்பிள்டனிடம் அல்ல. மெர்ட்டன் நகராட்சியிடம். அதாவது ஊரிடம். சட்டப்படி யார் வாரிசு என்ற சண்டைக்குள் போகாமல், அந்த மண்ணில் இருக்கிறவர்களிடம் வைத்தார்கள். ரசிகர் அமைப்புகளின் விடாத முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. என்னைக் கேட்டால் இந்த மொத்தக் கதையிலும் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

அந்த அணியில் ஆடிய வின்னி ஜோன்ஸ் தன் 1988 பதக்கத்தைப் பின்னாளில் ஏஎஃப்சி விம்பிள்டன் ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியவர்களுக்கு யார் யார் என்று தெரியும்.


மெர்சி அருண், சென்னை
திங்கள், காலை 9.10

அண்ணா, நகராட்சி விஷயம் எனக்குத் தெரியாது. கம்பெனிதான் கிளப் என்றால் அந்தக் கம்பெனியே கோப்பையை வைத்துக்கொள்ளவில்லையே!

இந்த இரண்டு கிளப்பும் மோதினார்களா?


வாண்டில் செல்வம், கோவை
திங்கள், மதியம் 1.20

பத்து வருடம் பயந்துகொண்டே இருந்தோம், 2012 டிசம்பர் 2 அன்று எஃப்ஏ கோப்பையில் வந்தே விட்டது. அவர்கள் அரங்கில். போவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு சண்டை. போகாமல் இருந்தவர்களையும் நான் மதிக்கிறேன். ஜாக் மிட்சன் போட்ட கோலில் 1-1. 90 நிமிடத்துக்குப் பின் ரெஃப்ரி சேர்த்த நிமிடங்களில் ஜான் ஓட்செமோபோர் குதிகாலால் தட்டிய பந்து உள்ளே போய் 2-1 என்று தோற்றோம். 2014-இல் லீக் டிராஃபியில் அங்கேயே போய் 3-2 என்று ஜெயித்தோம், வெற்றிக் கோல் அடித்தது எங்கள் அகின்ஃபென்வா. 2016-இல் வெம்ப்ளியில் பிளிமத்தை 2-0 என்று வென்று மூன்றாவது அடுக்குக்கு ஏறினோம். இரண்டு கிளப்பும் ஒரே டிவிஷனில் வந்து நின்றார்கள். 2018-இல் அவர்கள் கீழே இறங்கினார்கள், நாங்கள் மேலே தங்கினோம்.

அகின்ஃபென்வா என்றதும் இன்னொன்று. 2015 ஜனவரியில் கிங்ஸ்மெடோவுக்கு உங்கள் லிவர்பூல் வந்ததே, நினைவிருக்கிறதா? ஜெரார்ட் இரண்டு போட்டு 2-1 என்று தப்பித்தார்கள். நடுவில் அகின்ஃபென்வா சமன் செய்த சில நிமிடம் போதும் எனக்கு.


தேவகி டூட்டிங்
திங்கள், மாலை 6.45

நான் நேரில் பார்த்தது ஒன்று. 2024 மார்ச் 2, பிளவ் லேனில் கட்டிய புது அரங்கில், எம்.கே. டான்ஸோடு ஆட்டம். 94-ஆவது நிமிடம் ரோனன் கர்ட்டிஸ் கோல், 1-0. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா எழும்பவில்லை. எல்லோரும் குதிக்கிறார்கள், அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். என்ன நடந்தது என்று பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். அழுதுகொண்டிருந்தார். 2002-இல் தன் அண்ணாவோடு ஊர்வலம் போனதாகவும், அண்ணா இதைப் பார்க்காமல் போய்விட்டதாகவும் சொன்னார்.

பாபு தம்பி, உங்கள் மகனைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு விளங்குகிறது. அந்தத் தாத்தாவையும் ஒரு நிமிடம் நினையுங்கள்.


ராமநாதன் ஐயம்பேட்டை
திங்கள், இரவு 8.00

என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பணம் எங்கிருந்து வந்தது?


வாண்டில் செல்வம், கோவை
திங்கள், இரவு 11.30

மன்னிக்கவும் ஐயா, இதுதான் எனக்கும் மிகவும் பிடித்த பகுதி.

பழைய மைதானத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே பிளவ் லேனில், நாய்ப் பந்தய அரங்கம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் குடியிருப்பும் கூடவே ஃபுட்பால் அரங்கமும் கட்ட 2015 டிசம்பரில் மெர்ட்டன் நகராட்சி ஒப்புதல் கொடுத்தது. கிங்ஸ்மெடோவைச் செல்சீக்கு விற்றார்கள், பிறகு அவர்களுடைய பெண்கள் அணி அங்கே ஆட வந்தது. அந்தப் பணமும் போதவில்லை. 2019 முடிவில் கட்டுமானக் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்தது. வெளி முதலீட்டாளர்களிடம் பெரும் பங்கைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. அதாவது எதற்காகக் கிளப்பைத் தொடங்கினார்களோ, அதையே விற்று அரங்கம் கட்டுவது. கூட்டம் கொதித்துப் போனது.

அப்போது சில ரசிகர்கள் முன்வைத்த வழிதான் பிளவ் லேன் பாண்ட். கிளப்புக்கு நாமே கடன் கொடுப்போம். எத்தனை வருடத்தில் திருப்பித் தர வேண்டும், 4 சதவீதம் வரை எவ்வளவு வட்டி, வட்டியே வேண்டாமா என்பதைக் கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். சில வாரங்களில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. நானும் கோவையிலிருந்து ஒரு சின்னத் தொகை போட்டேன். வட்டி வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டபோது என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

2020 நவம்பர் 3, டான்காஸ்டருக்கு எதிராக முதல் ஆட்டம். 2-2. பெருந்தொற்றுக் காலம், ஒரு ரசிகர்கூட உள்ளே இல்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து, வாசலுக்கு வெளியே நின்று திரும்பிப் போனார்கள். 9,000 பேருக்கும் சற்று அதிகமாகக் கொள்ளும் அந்த அரங்கம் நிறைவதைப் பார்க்க அடுத்த ஆகஸ்ட் வரை பொறுத்தார்கள்.

இந்த முறைக்கு விலை உண்டு, ஐயா, அதை மறைக்க மாட்டேன். நல்ல ஆட்டக்காரர் வந்தால் பிடித்து வைக்க முடியாது. அலி அல் ஹமாதி கோலாகப் போட்டுக்கொண்டிருந்தபோது 2024 ஜனவரியில் இப்ஸ்விச்சுக்கு விற்றோம், அந்தப் பணம் இல்லாமல் கிளப் நடக்காது. 2021-22 சீசனின் கடைசி 27 லீக் ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, நான்காவது அடுக்குக்கு இறங்கினோம். ஒரு பணக்கார முதலாளி இருந்திருந்தால் ஜனவரியில் நாலு பேரை வாங்கியிருப்பார். ஆனால் கடன் சுமத்திவிட்டு ஓடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெரி எஃப்சிக்கு 2019-இல் என்ன ஆனது? 1885-இல் பிறந்து, இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வென்ற கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கினார்கள். எங்கள் கிளப்பில் தவறு நடந்தால் அது எங்கள் தவறு. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

2024 செப்டம்பரில் பெருமழை. வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்தது, புல்தரையில் ஒரு மூலை அப்படியே உள்வாங்கிப் பள்ளமானது. நியூகாஸிலோடு நடக்க வேண்டிய லீக் கோப்பை ஆட்டத்தை அவர்கள் ஊருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ரசிகர்கள் திரட்டிய நிதி லட்சம் பவுண்டைத் தாண்டியது, மற்ற கிளப் ரசிகர்களும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்தோடு தொடங்கிய சீசன்தான் 2025 மே 26 அன்று வெம்ப்ளியில் முடிந்தது. வால்சாலுக்கு எதிராக 1-0, இடைவேளைக்குச் சற்று முன் மைல்ஸ் ஹிப்போலைட் கோல். மேனேஜர் ஜானி ஜாக்சன். தொடங்கியதிலிருந்து ஏழாவது முறை மேலே ஏறியது. இங்கே இரவு, சத்தம் போட முடியாமல் மொட்டை மாடிக்கு ஓடினேன்.


ராமநாதன் ஐயம்பேட்டை
செவ்வாய், காலை 6.50

விளக்கத்துக்கு நன்றி. கடன் கொடுத்தவர்களே உரிமையாளர்கள், உரிமையாளர்களே வாடிக்கையாளர்கள். நான் கணக்கு எழுதிய காலத்தில் எங்கள் ஊரில் கூட்டுறவுப் பண்டகசாலை இப்படி நடந்தது. அது நல்லபடியாக நடந்த வருடங்களும் உண்டு, முடியாமல் போன வருடமும் உண்டு. முடியாமல் போனதற்குக் காரணம் பணம் இல்லை, கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. உங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு வரும்வரை கணக்கு நேராகும் என்று நினைக்கிறேன். என் முதல் வாதத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.


மில்டன் பாபு
செவ்வாய், மாலை 5.15

தேவகி அக்கா எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு 2002 கதை முழுதாகத் தெரியாது, நானும் சொன்னதில்லை. "அப்போ அவங்க ஸ்டேடியத்துக்கு நாம போகலாமா?" என்று கேட்டான். எதிரணி ரசிகனாக அல்ல, சும்மா ஒரு ஆட்டம் பார்க்க. தப்பாக இருக்காதே?


தேவகி டூட்டிங்
செவ்வாய், இரவு 9.05

கட்டாயம் கூட்டிவாருங்கள் தம்பி. சனிக்கிழமை 3 மணி ஆட்டம் என்றால் 1 மணிக்கே ஹெய்டன்ஸ் ரோடு ஸ்டேஷனில் இறங்குங்கள். வெளியே வந்ததும் பழைய மைதானம் இருந்த இடம், இப்போது மாடி வீடுகள். அந்தக் குடியிருப்புக்கு ரெனால்ட்ஸ் கேட் என்று பெயர். நாலு கோல் தலையால் போட்டவர் என்று செல்வம் தம்பி எழுதினாரே, அவர் பெயர்தான், மகனுக்குக் காட்டுங்கள். அங்கிருந்து நேரே பிளவ் லேன் வழியாக நடந்தால் அரங்கம். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். அவனுடைய எம்.கே. சட்டையை மட்டும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வரட்டும். நானும் என் மகனும் வாசலில் நிற்போம், வடை கொண்டுவருகிறேன்.